மதுரையில் ஒரு காலைப்பொழுது கிடைத்தால் ஏறிவிட ஒரு குன்று

மெல்போர்னிலிருந்து மதுரைக்குப் போகும் எங்கள் மாதிரிக் குடும்பங்கள் கோயில், கல்யாணம், துணிக்கடை, மறுபடியும் கோயில் என்று விடுமுறையை முடித்துவிடுவது வழக்கம். பிள்ளைகள் ரொம்பவும் நச்சரித்தால் கொடைக்கானல். ஆனால் காலையில் ஒரு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் பத்து மணி இட்லிக்கு வீடு திரும்பிவிடக்கூடிய குன்றுகள் மதுரையைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. இந்த மார்கழி, தையில் நானும் என் பதினான்கு வயது மகளும் அவற்றில் சிலவற்றில் ஏறி இறங்கினோம். முடிந்த நாட்களில் அம்மாவும் அத்தையும் கூட வந்தார்கள். வண்டி, டிக்கெட், தண்ணீர், கழிப்பறை, பாதுகாப்பு இதெல்லாம் எப்படி இருந்தது என்பதை ஊருக்குப் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறுவது சுலபம், மேலிருந்து தெரிகிற காட்சி அருமை, அடிவாரத்து மக்கள் தங்கம். இல்லாதது ஒன்றுதான்: எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்று சொல்லும் தகவல்.

முதலில் சமணர் மலை. எங்காவது ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போங்கள். தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி கிராமத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டில் சம்பாதிக்கிற எனக்கு இது கூச்சமாக இருந்தது, காசை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. "எல்லாப் பொம்பளைகளுக்கும்தாம்மா, வச்சுக்கங்க" என்று சொல்லி, சீட்டைக் கிழித்து மகள் கையில் கொடுத்துவிட்டு, "மலைக்கா போறீங்க? ஆலமரத்துக்கிட்ட எறக்கி விடுறேன்" என்றார். சொன்னபடியே இறக்கியும் விட்டார்.

அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், அதையொட்டிப் பெரிய ஆலமரம். முட்டி வலிக்காரர்களுக்கு அந்த நிழலே போதும். அம்மா முதல் நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இறங்கி வருவதற்குள் பொங்கல் வைக்க வந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. குளத்தை ஒட்டியே பாறைப்படி தொடங்குகிறது. நிதானமாக ஏறினால் கால் மணி, இருபது நிமிடத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். பாறையின் இடுக்கில் சுனை, பக்கத்துப் பாறைச் சுவரில் வரிசையாக எட்டுப் புடைப்புச் சிற்பங்கள். பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் என்று சமணர்கள் வணங்குகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை.

அங்கே அவசரப்பட வேண்டாம். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் அவற்றைச் செய்வித்தவர் யார் என்று வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது. காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெளிவாகத் தெரிகிறது. உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் பாறையாகத்தான் இருக்கும். என் மகள் கையை வைக்காமல் காற்றிலேயே அந்த எழுத்துகளை விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ஓர் அம்மாவின் பெயர் இந்த உயரத்தில் நின்றிருக்கிறது என்பது அவளை ரொம்ப நேரம் அங்கே நிறுத்தி வைத்தது. என்னையும்தான்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே பாதை கொஞ்சம் மங்கும். பாறை மொட்டையாக ஏறும், படி தெளிவாக இருக்காது. வழியில் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது. உச்சியில் ஒரு தீபத்தூண், பக்கத்தில் ஒரு கன்னடக் கல்வெட்டு. பனி விலகிய காலையில் அங்கிருந்து பார்த்தால் கீழே குளமும் தென்னந்தோப்புகளும் வயலும், ஒரு பக்கம் பாம்பு படுத்த மாதிரி நாகமலைத் தொடர், இன்னொரு பக்கம் திருப்பரங்குன்றம், நடுவே மதுரை. இவ்வளவு காட்சிக்கு அடிவாரத்திலிருந்து முக்கால் மணி நேர ஏற்றம்தான். மழை பெய்த மறுநாள் மட்டும் பேச்சிப்பள்ளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாங்கள் மேலே போகக் கிளம்பியபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அங்கிட்டுப் போகாதீங்கத்தா, பாசி வழுக்கும். இங்கிட்டு வாங்க" என்று தானாகவே முன்னால் நடந்து வழி காட்டினார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்து, பாப்பாவுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மலையின் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு. சின்ன ஏற்றம், அத்தையே ஏறிவிட்டார். குகை வாசலில் பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே குனிந்து போனால் கூரை வளைவில் இன்னும் ஐந்து சிற்பங்கள், அதில் சிங்கத்தின் மேல் ஏறி யானைமேல் வருகிறவனோடு போரிடும் இயக்கி (சமணப் பெண் தெய்வம்) ஒருத்தி. பலர் பேச்சிப்பள்ளத்தைப் பார்த்துவிட்டு இதைத் தவறவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டும் ஒரே காலையில் முடியும்.

திரும்பி வருவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பில் ஆட்டோ போட்டால் போகும்போது உடனே கிடைக்கிறது, அடிவாரக் கிராமத்திலிருந்து திரும்பும்போது எளிதில் கிடைப்பதில்லை. ஒரு நாள் ஒரு வண்டி ஏற்றுக்கொண்டு, பாதி வழியில் ரத்து செய்து, பிறகு போனில் கூப்பிட்டு இரட்டிப்புக் கேட்டது. அதற்கப்புறம் எங்கள் தெரு ஆட்டோக்காரத் தம்பியிடமே போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துப் பேசிவிட்டோம். "நீங்க ஏறி எறங்குங்கக்கா, நான் நெழல்ல ஒரு தூக்கம் போடுறேன்" என்றார். அரை நாள் வாடகைக் காரும் உண்டு. நாலைந்து பேராகப் போனால் அதுதான் கட்டும்.

பணம் கொடுப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. டீக்கடை, இளநீர் வண்டி வரைக்கும் க்யூஆர் அட்டைதான். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கனடா, அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகள் சிலவற்றின் போன் எண்ணை வைத்தே, வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ பயன்படுத்தலாம் என்று விதி வந்துவிட்டது. உங்கள் வங்கி அதைச் செய்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு இல்லாதவர்கள் பத்து, இருபது ரூபாயாகச் சில்லறை வைத்துக்கொள்வது நல்லது. காலை ஆறரை மணிக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை யாராலும் மாற்ற முடியாது.

அடுத்தது யானைமலை. மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையில் இறங்கினால் நரசிங்கம் பக்கம்தான். மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. ரோட்டிலிருந்து பார்க்கும்போதே மொத்த மலையும் படுத்த யானையாகத் தெரியும். அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்த கோயில், கி.பி. 770ல் எழுந்தது. பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. பெருமாள் அந்த மலைப் பாறையிலேயே செதுக்கப்பட்டவர். முதலில் மலை, பிறகு கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெயில் ஏறிவிடும். மலைச்சரிவில் இருக்கும் சமணச் சிற்பங்களில் சுதையும் வண்ணமும் அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏற்றம் குறைவு, ஆனால் வழி குழப்பும், தெருவில் யாரையாவது கேட்டுத்தான் போக வேண்டும். பாறை விளிம்புகளில் மலைத்தேனீ கூடு கட்டும். சத்தம் போடாதீர்கள், வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு போகாதீர்கள். 2010ல் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கும் யோசனை வந்தபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்து நிறுத்தினார்கள். அவர்கள் நின்றிராவிட்டால் இன்று நமக்கு ஏறுவதற்கு இந்த மலை இதே மாதிரி இருந்திருக்காது.

அரிட்டாபட்டியும் அப்படித்தான். மேலூர்ப் பக்கம், சொந்த வண்டி இருந்தால் நல்லது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். 7 குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்பது அரசு தந்த கணக்கு. அதன்மேல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது சுற்று வட்டார ஊர்களே மதுரைக்கு நடந்து வந்து போராடின, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. இங்கே உயரம் பெரிதல்ல. குடைவரைச் சிவன் கோயில், அதில் சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம், கழிஞ்சமலைச் சரிவில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, கண்மாய்க் கரை நடை, தலைக்கு மேலே வட்டமடிக்கும் வல்லூறுகள். பைனாகுலர் எடுத்துப் போங்கள். பறவை பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடத்தை நான் மதுரைப் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை தாண்டிச் சித்தன்னவாசல் போனோம். சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் ஓவியத்தை எல்லாரும் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். கூரையில் தாமரைக் குளம், பூப்பறிக்கும் ஆட்கள், மீன், யானை, எல்லாம் ஒன்பதாம் நூற்றாண்டு நிறங்கள். ஆனால் ஏழடிப்பட்டத்தை விட்டுவிடாதீர்கள். குன்றின் மேலேறி மறுபக்கம் இறங்கினால் பாறைக்கடியில் சமணத் துறவிகளுக்காக வழவழவென்று தேய்த்த பதினேழு கற்படுக்கைகள். கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். அந்த விளிம்பில் நின்றால் கீழே புதுக்கோட்டைச் சமவெளி, கண்மாய் கண்மாயாக.

டிக்கெட் விஷயம் இங்கேதான் வரும். மத்தியத் தொல்லியல் துறையின் இந்த வகை இடங்களில் இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தால் இந்தியக் கட்டணம்தான், இது மத்திய அரசின் அறிவிப்பிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டாமல் ஓசிஐ அட்டையையே முதலில் நீட்டுங்கள். எங்களுக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தார்கள். அட்டையைப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்திருந்த சிட்னி நண்பர் குடும்பம் வேறோர் இடத்தில் முழுக் கட்டணமும் கட்டியது. சமணர் மலைக்கு டிக்கெட்டே கிடையாது.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு இரண்டு வரி: 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம், வெளிநாட்டுக்காரர்கள் மின்னஞ்சல் முகவரியை வைத்துப் பதியலாம். அங்கே அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு கோக்கர்ஸ் வாக், நடக்க முடிந்தவர்களுக்கு வட்டக்கானல் வழியாக டால்பின் நோஸ். காட்டுக்குள் போகிற நடைகளுக்கு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் முன்பதிவு செய்தே போங்கள். தொடங்கியபோது 40 பாதைகள், உள்ளூர் வழிகாட்டிகளோடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போன இடத்தில் காட்டுத் தீயில் 23 உயிர்கள் போயின. கோடையில் காடு மூடப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, தெரிந்தவர் மூலம் உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி குறை. மெல்போர்னில் எந்தச் சின்ன மலைக்குப் போனாலும் தொடக்கத்தில் ஒரு பலகை இருக்கும்: தூரம், நேரம், ஒன்றிலிருந்து ஐந்து வரை கடினத் தரம். இதைச் செய்வதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். வட்டெழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி, ஏறுவதற்கு எவ்வளவு நேரம், மழையில் எங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்கிற கேள்விக்கு இடத்திலேயே பதில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கழிப்பறையை நம்பி எந்தக் குன்றுக்கும் போக வேண்டாம், வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் பெட்ரோல் பங்க் உதவும். பிளாஸ்டிக் பாட்டிலும் உடைந்த கண்ணாடியும் பாறை இடுக்கில் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. நாங்கள் ஒரு சாக்குப்பையை எடுத்துப் போனோம், ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் கேட்காமலேயே கூடச் சேர்ந்து பொறுக்கினார்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று என் தோழிகள் கேட்கிறார்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் இருக்கும் நேரத்தில் எனக்குப் பயமே வரவில்லை. மாலை மங்கும் நேரத்தையும், ஆளில்லாத உச்சிகளையும் தவிர்த்தோம். வாய்ப்பிருந்தால் பசுமை நடை அமைப்பின் மாதாந்திர நடை உங்கள் பயண நாளில் வருகிறதா என்று பாருங்கள். மதுரையில் பல ஆண்டுகளாக இந்த மலைகளுக்கு மக்களைக் கூட்டிப்போய், இடத்திலேயே கல்வெட்டையும் சிற்பத்தையும் விளக்குகிறார்கள்.

போகிற மாதம் முக்கியம். வடகிழக்கு மழை முடிந்து டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை சுனையில் தண்ணீர் இருக்கும், பாறை சுடாது. மாசி பிறந்துவிட்டால் ஒன்பது மணிக்கே கால் பொரியும். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழுகிறது, அதனால் ஆறேகாலுக்கு அடிவாரத்தில் இருந்தால் போதும். பிடிப்புள்ள செருப்போ ஷூவோ, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பார்த்துக்கொண்டே இருக்கும்.