சுழல் உருளை மின்முனை: தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடல்நீரில் நீண்ட காலப் பயன்பாடு

கடல்நீர் ஓடும் குழாயின் அரிமானத்தை ஆய்வக மேசையிலேயே அளக்க, நீரில் மூழ்கிச் சுழலும் உலோக உருளையான உருளை மின்முனையைத்தான் பரிந்துரைப்போம். வட்டு மின்முனையில் ஓட்டம் பெரும்பாலும் சீராகவே இருக்கும். உருளையில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 200-ஐத் தாண்டியதுமே கொந்தளிப்பு தொடங்கிவிடும். குழாயில் நடப்பதும் கொந்தளிப்புதான். 12 மி.மீ. விட்ட உருளை 1000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.63 மீட்டர், சுவர் உராய்வுத் தகைவு (ஓடும் நீர் மேற்பரப்பை உரசி இழுக்கும் விசை, ஓரலகுப் பரப்புக்கு) சுமார் 2 பாஸ்கல். குழாயோடு ஒப்பிட வேண்டியது இந்தத் தகைவை.

கருவி வந்ததும் ஆக்சிஜன் ஒடுக்கத்தின் எல்லை மின்னோட்டத்தை (ஆக்சிஜன் மேற்பரப்பை வந்தடையும் வேகம் அனுமதிக்கும் உச்ச மின்னோட்டத்தை) 500 முதல் 2000 ஆர்பிஎம் வரை நாலைந்து வேகங்களில் எடுத்து, வேகத்தின் 0.7 அடுக்குக்கு எதிரே வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். காற்று நிறைந்த கடல்நீரில் 1000 ஆர்பிஎம்முக்குச் சதுர செ.மீ.க்கு அரை மில்லிஆம்பியரை ஒட்டிக் கிடைக்கும். மேல்வேகத்தில் புள்ளிகள் சிதறினால் சுழி காற்றை இழுக்கிறது என்று பொருள், நீர்மட்டத்தை ஏற்றுங்கள்.

அதிகம் தொல்லை தருவது உருளையின் முனையில் நீர் புகாமல் அடைக்கும் டெஃப்ளான் வாஷர். உருளைக்கும் வாஷருக்கும் நடுவே நீர் கசிந்தால் அங்கே இடுக்கு அரிமானம் தொடங்கும். மின்னோட்டம் ஏறும், வேகத்தை மாற்றினாலும் அசையாது. சோதனை முடிந்ததும் உருளையைக் கழற்றி உள்முகத்தைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அந்தத் தரவை ஒதுக்கிவிடுங்கள், வாஷரையும் மாற்றுங்கள். இறுக்கம் போதவில்லை என்று திருகை முறுக்கிக்கொண்டே போனால் டெஃப்ளான் பிதுங்கி விளிம்பை மூடும், பரப்பளவே தப்பாகிவிடும்.

அடுத்தது சுழலும் ஷாஃப்டைத் தொட்டு மின் இணைப்புத் தரும் பிரஷ். வெள்ளி-கார்பன் பிரஷ் தேயத் தேய அளவீட்டில் இரைச்சல் கூடும். ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றியபடி மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். எண் குதித்தால் கார்பன் தூளை ஊதித் துடைக்க வேண்டும். சூடான செல்லிலிருந்து ஆவி ஷாஃப்ட் வழியே மேலேறி பேரிங்கில் படியும். உப்புக்காற்று வீசும் இந்த ஊரில் அது இரட்டைக் கேடு.

டர்பன் ஈரப்பதத்தில் 600 எண் உப்புத்தாளால் தேய்த்த எஃகு சீக்கிரமே மங்கிவிடும். அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, உடனே செல்லில் இறக்குங்கள். மின்வெட்டு வருமென்றால் மோட்டாரையும் பொட்டென்ஷியோஸ்டாட்டையும் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். சுழற்சி நின்று மறுபடி தொடங்கினால் துருப்படலம் மாறியிருக்கும், புதிய அளவீடு பழைய வளைகோட்டோடு ஒட்டாது.

குழாய் வளைவு, வால்வு, வெல்டு இருக்கும் இடங்களுக்கு இந்த எண்களைக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம். அங்கே ஓட்டம் பிரிந்து திரும்புகிறது. அதற்குப் பீச்சு நீர் மோதும் செல்தான் சரி.