கேமுக்கு முன் மூடு, முடிந்ததும் திற: எந்த வழி நல்லது?

வன்னியில் நான் பார்த்தவரை கேமுக்கென்று மட்டும் வாங்கிய கணினி குறைவு. கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ கொமினிகேஷன் கடையில் விண்ணப்பப் படிவம் தட்டச்சு செய்யும் கணினியில்தான், ஆள் வரத்துக் குறைந்த நேரத்தில் தம்பிமார் வலோரன்ட் என்ற இணையத் துப்பாக்கிச் சூட்டுக் கேமை விளையாடுகிறார்கள். வீடுகளிலும் அப்படித்தான்: தம்பி எழும்பினால் அக்கா இருப்பா. 8 ஜிபி ரேம், பின்னணியில் குரோம், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்ட்ரைவ், வட்ஸ்அப், தமிழ்த் தட்டச்சுக்கான என்.எச்.எம். ரைட்டர். இவற்றை மூடிவிட்டு விளையாடுவது சரி. மூடுவதைப் பெரும்பாலான கருவிகள் செய்துவிடும். அடுத்து அந்தக் கதிரையில் இருப்பவர் "தமிழ் வருகுதில்லை" என்று கூப்பிடாதபடி எல்லாவற்றையும் பழையபடி திறந்து வைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

முதலில் விண்டோஸின் கேம் மோட். 2017இல் விண்டோஸ் 10இன் கிரியேட்டர்ஸ் அப்டேட்டோடு வந்தது. பலர் நினைப்பதுபோல இது எதையும் மூடாது. கேமுக்கு முன்னுரிமை தரும். இடையில் டிரைவர் நிறுவுவதையும் ரீஸ்டார்ட் கேட்கும் அறிவிப்பையும் தடுக்கும். தீங்கில்லை, இருக்கட்டும். ரேம் தட்டுப்பாட்டுக்கு இது மருந்தல்ல.

ரேசர் கோர்டெக்ஸ் போன்ற பூஸ்டர்கள், கேம் தொடங்கினால் தாமாக மூடும், முடிந்தால் தாமாக மீட்கும். ஒரு வரிகூட எழுதத் தெரியாதவருக்கு இதுவே சுலபம். எனக்குப் பிடிக்காதது, எதை மூடலாம் என்பதை முதலில் அது தீர்மானிப்பது. நிறுவிய உடனே பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரிண்டருக்கு வேலை அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது நின்றால் கடையில் ஒரு தாளும் வெளியே வராது. பூஸ்டரே பின்னணியில் ஓடும் இன்னொரு மென்பொருள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நாமே எழுதும் பேட்ச் பைலுக்கு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு கோப்பு) இலவசம், இலகு என்ற இரண்டு பெருமையும் உண்டு. நோட்பேடில் நாலைந்து வரி போதும்: டாஸ்க்கில் (taskkill) என்ற கட்டளையால் பெயர் சொல்லி மூடு, கேமைத் தொடங்கிக் காத்திரு, பிறகு ஒவ்வொன்றாகத் திற. பெயர் சொல்லி மூடுவதால் நாம் சொல்லாத எதையும் அது தொடாது. ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, கட்டளையோடு சேர்த்து எழுதும், வலுக்கட்டாயமாக மூடும் எஃப் (/F) சுவிட்ச். அது இல்லாவிட்டால் taskkill அந்த மென்பொருளிடம் 'மூடிக்கொள்' என்று கேட்கும். சேமிக்காத கடிதம் இருந்தால் அது நம்மிடம் கேட்கும். எஃப் போட்டால் கேள்வியே இல்லை, எழுதியது போய்விடும். ஒன்ட்ரைவை இப்படிக் கொல்லவே தேவையில்லை, ஒழுங்காக நிறுத்த அதற்கென்றே ஷட்டவுன் (/shutdown) சுவிட்ச் இருக்கிறது.

இரண்டு, நிர்வாகி உரிமை. பேட்ச் பைலை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஓட்டினால், கடைசியில் அது திறப்பவையும் நிர்வாகி உரிமையோடுதான் திறக்கும். முழு நிர்வாகி உரிமையோடு ஓட முடியாது என்று ஒன்ட்ரைவ் மறுத்துவிடக்கூடும். அப்படித் திறந்த மென்பொருளுக்குள் கோப்பை இழுத்துப் போடவும் முடியாது. சாதாரணமாகவே ஓட்டுங்கள்.

மூன்றாவதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஸ்டீம், எபிக், ரயட் எல்லாவற்றிலும் நாம் தொடங்குவது கேமை அல்ல, கேமைத் திறந்துவிடும் லாஞ்சர் மென்பொருளை. லாஞ்சர் கேமை எழுப்பிவிட்டு ஒதுங்கியதும், கேம் முடிந்தது என்று பேட்ச் பைல் நினைத்து, கேம் ஏறிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் திறந்துவிடும். ஸ்டீமில் லாஞ்ச் ஆப்ஷன் பெட்டிக்குள் பேட்ச் பைலின் முகவரியும் அதற்குப் பின்னால் 'கமாண்ட்' (%command%) என்ற குறிச்சொல்லும் போட்டால், ஸ்டீமே நம் பைல் வழியாகக் கேமைத் திறக்கும். பெரும்பாலும் சரியாக வரும். மற்ற லாஞ்சர்களுக்கு, கேமின் எக்ஸி (.exe) கோப்பு ஓடுகிறதா என்று 30 விநாடிக்கு ஒருமுறை டாஸ்க்லிஸ்ட் (tasklist) கட்டளையால் பார்க்கும் சுழற்சியை எழுத வேண்டும்.

அந்தச் சுழற்சியை எழுத விருப்பமில்லாதவருக்குப் பிளேநைட் என்ற மென்பொருள். இலவசம், திறந்த மூலம். பல லாஞ்சர்களின் கேம்களையும் ஒரே அலமாரியில் காட்டும். தொடங்குமுன் ஓட ஒன்று, முடிந்தபின் ஓட ஒன்று என விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல் வரிகளைப் போட இடம் உண்டு. எல்லாக் கேமுக்கும் பொதுவாகவும் போடலாம், ஒரு கேமுக்கு மட்டும் போடலாம். கேமின் கோப்புறையில் இருந்து ஓடுவதையே கண்காணிப்பதால் லாஞ்சர் ஒதுங்கினாலும் பொதுவாக ஏமாறாது. விளையாடும்போது பிளேநைட்டை மூடிவிட்டால் திறக்கும் வரிகள் ஓடாது என்பதை மட்டும் தம்பிமாருக்குச் சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று லாஞ்சர் உள்ள பொதுக் கணினிக்கு என் தேர்வு இதுதான்.

மூடாமல் உறையவைக்கும் வழியும் உண்டு: மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள பிஎஸ்சஸ்பெண்ட். பாதி எழுதிய ஆவணம் அப்படியே இருக்கும், சிபியு முழுக்க விடுபடும். ரேம் உடனே விடுபடாது, அதனால் 8 ஜிபிக்காரருக்கு அரை உதவிதான். விசைகளை இடைமறிக்கும் மென்பொருள்களை இப்படி உறையவைக்கக் கூடாது. விண்டோஸ் அவற்றின் பதிலுக்குக் காத்து நிற்க, விசை அழுத்தங்கள் பிந்தக்கூடும். தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அந்த வகை, அதனால் அதை மூடித்தான் ஆகவேண்டும். இல்லையென்றால் ஆல்ட்டோடு எண்ணை அழுத்தும் இடத்தில் கேமுக்குள் மொழி மாறும்.

சிம் போட்ட 4ஜி ரவுட்டரில் விளையாடுபவர்களுக்கு, பல நேரம் பிரச்சினை ரேமே அல்ல, பிங் (சேர்வருக்குப் போய்த் திரும்பும் தாமதம்). பின்னணியில் ஒன்ட்ரைவ் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தால் மும்பை சேர்வரோடு விளையாட முடியாது. வைஃபையை விண்டோஸ் அமைப்பில் 'மீட்டர்ட்' (டேட்டா அளவான இணைப்பு) என்று குறித்தால் ஒன்ட்ரைவ் தானாக நிற்கும், பெரும்பாலான விண்டோஸ் அப்டேட்டுகளும் இறங்காது. டேட்டாவும் மிஞ்சும். ஆனால் இதைக் கையால்தான் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் பிந்தும்.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டைத் தொடாதீர்கள். ஒன்று வைரஸ் தடுப்பு: ஊரிலுள்ள பென்ட்ரைவ் எல்லாம் வந்துபோகும் கணினி அது. மற்றது வலோரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்ட்: அதைக் கடிகாரத்துக்குப் பக்கத்து ட்ரேயில் இருந்து மூடினால் கணினியை ரீஸ்டார்ட் செய்தால்தான் மறுபடி விளையாடலாம். திறக்கும் வரிகளில் தட்டச்சு மென்பொருளை முதலில் போடுங்கள், ஒன்ட்ரைவைக் கடைசியில். இடையில் கரண்ட் போனால் அந்த வரிகள் ஓடாது. அதற்காக, மூடுபவை எல்லாம் விண்டோஸ் தொடங்கும்போது தாமாகத் திறப்பவற்றின் ஸ்டார்ட்டப் பட்டியலிலும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.