உடைந்த கண்ணாடிப் பொம்மைக்கு எந்தப் பசை? ஹெக்ஸ்டல் என்ஒய்எல்-1 மதிப்பீடு

கண்ணாடி அன்னமோ குதிரையோ, முதலில் போவது கழுத்தும் காலும் வாலும்தான். உடைந்ததும் கைக்கு எட்டுவது சூப்பர் க்ளூ. அது அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு மங்கல் படியும். ஈரக்காற்று பட்டுப் பட்டு நாளடைவில் விட்டும் போகும். ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவிடும் ஐந்து நிமிட எபாக்ஸி அதைவிட உறுதிதான். ஆனால் கெட்டியான பசை என்பதால் ஒட்டு தடித்து நிற்கும், போகப் போக மஞ்சளடிக்கும். கண்ணாடிப் பொருட்களைச் செப்பனிடும் அருங்காட்சியக வல்லுநர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் ஹெக்ஸ்டல் என்ஒய்எல்-1 இந்தக் குறைகளை வெகுவாகத் தவிர்க்கிறது. ஒட்டிய கோடு கண்ணில் படவே கூடாது என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒரு வாரம் பொறுக்க முடியாதவர்கள் வேறு பசை பார்ப்பது நல்லது.

இதுவும் எபாக்ஸிதான். ஆனால் மஞ்சளடிப்பதற்குப் பெரிய காரணமான அரோமாட்டிக் வளையங்கள் (ஒருவகைக் கார்பன் வளையக் கட்டமைப்பு) இதன் ரெசினில் ஹைட்ரஜன் ஏற்றி நீக்கப்பட்டிருக்கின்றன. இறுகிய பசையின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52. சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்கும் அதே எண்தான். ஆகவே ஒளி ஒட்டைக் கடக்கும்போது வளைவதும் இல்லை, திரும்பி மின்னுவதும் இல்லை.

எல்லாப் பொம்மையும் அந்தக் கண்ணாடி அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டார்ச் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி இழுத்துச் செய்யும் நிறமற்ற பொம்மைகளில் பல, வெப்பம் தாங்கும் கண்ணாடி வகையான போரோசிலிக்கேட். அதன் எண் 1.47. ஈயம் கலந்த கனமான கிரிஸ்டலுக்கு 1.54-க்கு மேல் போகும். இரண்டிலும் பசை நன்றாகவே பிடிக்கும். ஆனால் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடு ஒன்று தெரியும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கும் முன்பே சோதித்துக்கொள்ளலாம்: ஒட்டத் தேவைப்படாத ஒரு சிறு சில்லைக் கிளிசரினில் போடுங்கள். கிளிசரினின் எண்ணும் 1.47 என்பதால் போரோசிலிக்கேட் சில்லு கண்ணுக்கு மறைந்துவிடும். மற்றவை தெளிவாகத் தெரியும்.

இன்னொரு சோதனையும் அவசியம். பொம்மை கீழே விழாமலே உடைந்ததா? அப்படியானால் சூளையில் சரியாக ஆற்றாததால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கியிருக்கலாம். போரோசிலிக்கேட்டைச் சுமார் 560 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல இறக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் தடித்த உடலும் மெல்லிய காலும் சேரும் இடத்தில்தான் இறுக்கம் குவியும். லேப்டாப்பின் எல்சிடி திரையை முழு வெள்ளையாக வைத்து, அதன் முன்னால் போலரைஸ்டு கூலிங் கிளாஸைப் பிடித்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்தக் கோணத்தில் பொம்மையை இரண்டுக்கும் நடுவே காட்டினால், இறுக்கம் உள்ள இடம் பளிச்சென்று வெளிச்சமாகத் தெரியும். அப்படித் தெரியும் பொம்மையை எந்தப் பசையால் ஒட்டினாலும் ஒட்டுக்கு அடுத்த இடத்தில் மறுபடி உடைய வாய்ப்புண்டு.

இனி பயன்படுத்தும் முறை. இரண்டு பாகங்களில் ஏ என்பது ரெசின், பி என்பது ஹார்டனர். கலக்க வேண்டியது 3-க்கு 1, அதுவும் எடைக்கணக்கில். சொட்டு எண்ணியோ ஸ்பூன் அளந்தோ கலக்கக் கூடாது, ஏனெனில் இரண்டின் அடர்த்தியும் வேறு. ஒரு பொம்மைக்கு இரண்டு சொட்டே போதும் என்றாலும் 3 கிராமும் 1 கிராமுமாவது எடுங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். 0.1 கிராம் தராசில் 1 கிராம் ஹார்டனரை நிறுத்தால் பத்து சதவீதம் வரை பிழை வரலாம். விகிதம் தவறினால் பசை முழுதாக இறுகாமல் ரப்பராகவே நின்றுவிடும். குமிழி எழாதபடி மெல்லக் கலக்கி, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். கலவை சில மணி நேரம் நீர்த்தே இருக்கும், அவசரமில்லை.

கண்ணாடியின் உடைந்த முகங்களை அசிட்டோனால் துடைத்து உலரவிட வேண்டும். விரல் ரேகையின் எண்ணெய் இருந்தால்கூட ஒட்டு பலவீனப்படும். சூளையில் சுடாமல் மேலே தீட்டிய வண்ணமோ தங்கப் பூச்சோ இருக்கும் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகவே கூடாது, கரைந்து வந்துவிடும்.

பசையைத் தடவிவிட்டு இணைப்பது இங்கே சரிவராது. முதலில் துண்டுகளைப் பசையில்லாமலே பொருத்தி, ஒடுக்கமான டேப் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி இறுக்குங்கள். விரிசலின் நீளவாக்கில் டேப் ஒட்டினால் பசை உள்ளே போக வழியிருக்காது. பிறகு பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து விரிசலைத் தொடுங்கள். எளிதில் ஓடும் மெல்லிய பசை தானாக உள்ளே இழுபடும். விரிசல் முழுவதும் பளபளத்த கோடு மெல்ல ஓடி, போகும் வழியெல்லாம் மறைந்துகொண்டே வருவது கண்ணெதிரே தெரியும். நடுவில் வெள்ளித் திட்டு நின்றால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருந்து சொட்டு வைக்காமல் அதே பக்கத்தில் தொடர்ந்து ஊட்டினால் காற்று மறுபக்கம் வெளியேறும்.

மெல்லிய காலுக்கு டேப் நிற்காது. கிண்ணத்தில் உலர்ந்த மணல் நிரப்பி, ஒட்டு கிடைமட்டமாக இருக்கும்படி பொம்மையைப் புதைத்து, மேல் துண்டு தன் எடையிலேயே உட்காரும்படி வையுங்கள். மணல் ஒட்டைத் தொடக் கூடாது. எண்ணெய் கலந்த மாடலிங் களிமண்ணில் குத்தி நிறுத்துவதாக இருந்தால் மேலே பிளாஸ்டிக் உறை சுற்றுங்கள். களிமண்ணின் எண்ணெய் கண்ணாடியில் ஏறிவிடும்.

22 டிகிரி அளவில் ஒரு நாளில் கூழாகக் கட்டும், முழுதாக இறுக ஏழு நாள். குளிர்ந்த அறையில் இன்னும் தாமதமாகும். இரண்டாம் நாளே எடுத்துப் பார்க்கக் கை அரிக்கும். அப்போது அசைத்தால் துண்டு மயிரிழை நகர்ந்துவிடும். நகர்ந்தது வெறுங்கண்ணுக்கே தெரியும். மீந்த கலவையைக் கலக்கிய கிண்ணத்திலேயே வைத்திருந்து, நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டுமென்றால் அதை அழுத்துங்கள். வழிந்த பசை ரப்பர் பதத்தில் இருக்கும்போது சர்ஜிக்கல் பிளேடால் சீவினால் சுத்தமாக வரும். அசிட்டோன் தோய்த்த பஞ்சால் அழுத்தித் தேய்த்தால் ஒட்டுக்குள் இருக்கும் பசையையும் உறிஞ்சி எடுத்துவிடும், அதனால் லேசாகத் தொட்டு எடுப்பதோடு நிறுத்துங்கள்.

குறைகளும் உண்டு. இறுகிய பின் பிரிப்பது கடினம், ஆகவே பொருத்தம் தவறினால் திருத்த வழி மிகக் குறைவு. ஹார்டனர் தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். குப்பி மூடி தளர்ந்திருந்தால் ஹார்டனர் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெடும். ரெசின் வெண்மையாக உறைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் குப்பியை வைத்துத் தெளியவிட்ட பிறகே நிறுக்க வேண்டும். பெயர்ந்த சிறு சில்லுக்குப் பதிலாக மெழுகு அணை கட்டி நிரப்பவும் இது உதவும், ஆனால் அதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

புற ஊதா ஒளியில் இறுகும் பசை இதற்கு நல்ல மாற்றுதான், நிறமற்ற கண்ணாடிக்கு மட்டும். அடர் சிவப்பு, தேன் நிறம், கறுப்புக் கண்ணாடியில் அந்த ஒளி உள்ளே போகாததால் ஒட்டின் நடுப்பகுதி ஈரமாகவே நின்றுவிடும். ஹெக்ஸ்டலுக்கு ஒளியே தேவையில்லை என்பதால் நிறக் கண்ணாடிக்கு இதையே சொல்வோம். மெல்லிய போரோசிலிக்கேட் பொம்மைக்கு மட்டும், அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்தும் அக்ரிலிக் பசையான பாரலாய்ட் பி-72 பொருத்தம். அதன் எண் 1.49, கோடு இன்னும் மங்கும். அசிட்டோன் ஆவியாகும்போது குமிழி விடும் என்பது அதன் தொல்லை. ஆனால் பொருத்தம் தவறினால் அசிட்டோனிலேயே கரைத்துப் பிரித்து மறுபடி ஒட்டலாம்.