விசேஷ டிவிடியை டெக் கேசட்டில் ஏற்றுவது: வேலூர் வெயில் தாண்டிய அனுபவம்

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் பெரியவர்கள் இருக்கும் சில வீடுகளில் டெக் (வீடியோ கேசட் ஓட்டும் விசிஆர்) இன்னும் ஓடுகிறது. மெனு கிடையாது, அம்புக்குறி கிடையாது. கேசட்டைத் தள்ளினால் படம் வந்துவிடும். அவர்களுக்காகக் கல்யாண, காதுகுத்து டிவிடிகளை டேப்பில் ஏற்றித் தருவது இன்றும் செய்யத்தக்க வேலைதான். ஆனால் தெளிவு குறையும். நம்ம ஊர் டிவி முறையான 'பால்' டிவிடியில் 720க்கு 576 புள்ளிகள். டெக் கேசட்டின் முறையான விஎச்எஸ்ஸின் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 கோடுகள்தான். 21 அங்குலப் பெட்டி டிவியில் இது உறுத்தாது. பெரிய எல்இடியில் முகங்கள் மழுங்கிவிடும்.

வயர் வேலை எளிது. டிவிடி பிளேயரின் மஞ்சள் (படம்), வெள்ளை, சிவப்பு (இடது, வலது ஒலி) அவுட் மூன்றும் டெக்கின் ஏவி இன்னுக்கு. டெக்கின் அவுட் டிவிக்கு. டெக்கை ஏவி சேனலில் வைக்க வேண்டும். மோனோ டெக்கில் ஆடியோவுக்கு ஒரே பின்தான். வெள்ளையை மட்டும் செருகினால் வலப்பக்க ஒலி முழுக்கப் போய்விடும். மைக் ஒரு பக்கமும் மேளம் மறுபக்கமும் பதிவான டிஸ்க்கில் மந்திரமே கேட்காமல் போகலாம். பிளேயர் செட்டப்பில் மோனோ இருந்தால் முதலில் அதை வையுங்கள்.

அதே செட்டப்பில் டிவி வகை 4:3 லெட்டர்பாக்ஸ், அவுட்புட் பால், ஸ்க்ரீன்சேவர் ஆஃப். முதலாவதை விட்டால் அகலப் படம் நசுங்கி, எல்லோரும் ஒல்லியாக நெட்டையாகத் தெரிவார்கள்.

அதிகம் கெடுவது சிவப்பு. விஎச்எஸ் நிறத்தை மிகக் குறைந்த தெளிவில்தான் பதிகிறது. அதனால் கூரைப்புடவையின் அரக்குச் சிவப்பு கரையைத் தாண்டி, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டி மேல் ரோஸ் நிறமாக வழியும். பிளேயரில் கலரை ஒன்றிரண்டு படி இறக்கினால் வழிசல் கண்ணில் படாத அளவுக்குக் குறைகிறது. ஷார்ப்னெஸ்ஸையும் இறக்குங்கள், ஏற்றி வைத்தால் ஜரிகை ஓரமெல்லாம் நடுங்கும்.

டேப்புக்கு இ-180 வகை கேசட் போதும், எஸ்பி என்கிற வழக்கமான வேகத்தில் 3 மணி நேரம். இ-240இல் 4 மணி நேரம் கிடைக்கும் என்றாலும் அதன் டேப் மெல்லியது, பழைய டெக்கில் சீக்கிரம் மடிகிறது. எல்பி என்கிற பாதி வேகம் வேண்டவே வேண்டாம். ஒரு டெக்கில் எல்பியில் பதிந்ததை இன்னொன்றில் போட்டால் கோடு ஓடுவது சகஜம். படத்தைச் சரிசெய்யும் டிராக்கிங் திருகியும் தீராது. எந்த டெக்கில் பார்ப்பார்களோ அதிலேயே பதிவது நல்லது. முடியாவிட்டால் 5 நிமிடம் பதிந்து அங்கே போட்டுப் பாருங்கள்.

முதலில் டெக்கில் ரெக்கார்ட், அரை நிமிடம் வெற்றாக ஓடட்டும், பிறகு பிளேயரில் ப்ளே. டேப்பின் ஆரம்பம்தான் முதலில் கசங்கும், அங்கே முகூர்த்தம் வரக்கூடாது. நடுவில் கரண்ட் போனால் ஒட்டுப் போடாமல் தொடக்கத்திலிருந்து பதியுங்கள். முடிந்ததும் கேசட்டின் பின்பக்க பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதியாது.

கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்கைப் போட்டால் படம் வெளுத்தும் இருண்டும் மாறி மாறி வரும். அது நகல் தடுப்பு சிக்னல், டெக்கின் பழுதல்ல. அதற்காக டெக்கைப் பிரிக்காதீர்கள்.

படம் புள்ளி புள்ளியாக வந்தால் டேப்பைப் படிக்கும் ஹெட் அழுக்கு. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மான்தோல் துணியை, ஹெட் பொருத்திய உருளையான டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். பஞ்சுக் குச்சியின் நார் அதில் சிக்கும். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் படக்கூடாது, ஈரத்துணி போதும். டேப்பைத் தின்கிற டெக்கில் பெரும்பாலும் இறுகிப்போன அந்த ரோலரோ தொய்ந்த பெல்ட்டோதான் காரணம். ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியபின் புது டெக் வருவதே நின்றுவிட்டது. இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

இனி நம்ம ஊர் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மொட்டைமாடிக்கு அடியிலுள்ள பரண் கேசட்டுக்கு எதிரி. அங்கே வைத்தவை சுருண்டு, ஓரம் அலையலையாகி, ஒலியில் இழுவை வருகிறது. கீழ்த்தள அலமாரியில், நெட்டுக்குத்தலாக, முழுக்கச் சுற்றி வைத்தவை பல கோடைகளைத் தாண்டியும் ஓடுகின்றன. வீட்டில் எழுதிய டிவிடி வெயில் பட்டால் ஒருநாள் திடீரென்று 'நோ டிஸ்க்' என்று நின்றுவிடும். டேப் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். அதற்காக டிஸ்க்கை எறிந்துவிட வேண்டாம். அதன் முழு நகலை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்தால் இன்னொரு கேசட் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியே சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் ஹெட் வழியாக அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். தனியாக ஒரு பையில் கட்டி ஒதுக்கி வையுங்கள்.