பழைய காரில் ஷார்ட் சர்க்யூட்: பெரிய ஃப்யூஸைப் போட்டு அனுப்புகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் ஒரே ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பப் போகிறவர்கள், இதைப் பொறுமையாகப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்குத் தேவையே இல்லாமல் பேட்டரியையும், எஞ்சின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரையும் மாற்றிப் பணம் வாங்கினார்கள். ‘முழு வயரிங்’ என்று பில் போட்டார்கள். பணம் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். தீப்பிடிக்கக்கூடிய நிலையில் ஒரு வண்டியை, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிரச்சினை இதுதான். பார்க்கிங் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது, குண்டும் குழியுமான சாலையில் ஏதோ ஒரு நேரத்தில் டெயில் லேம்ப், நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு வெளிச்சம் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தால் அந்த ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸ் மட்டும் போயிருக்கும். புதிது போட்டால் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் பழைய கதைதான். ஹெட்லைட், ஹார்ன், வைப்பர், ஸ்டார்ட்டிங் எதிலும் ஒரு குறையும் இல்லை.

விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு இந்த அறிகுறியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு ஃப்யூஸுக்கும் அதற்கென்று சில விளக்குகள், சில வயர்கள் உண்டு. ஒன்று மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது என்றால், அதன் பாதையில் எங்கோ கரண்ட் ஓடும் வயர் வண்டியின் உலோகப் பாடியைத் தொடுகிறது, அல்லது ஒரு பல்ப் ஹோல்டருக்குள் ஷார்ட் ஆகிறது. தேட வேண்டிய இடம் அவ்வளவுதான். பேட்டரி பழசானால் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஹெட்லைட் மங்கும். பார்க்கிங் லைட் ஃப்யூஸை மட்டும் தேர்ந்தெடுத்துப் போக்காது.

ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்பில் முதலில் சொன்னது, “பேட்டரி வீக்குங்க.” மாற்றினார்கள். ஃப்யூஸ் மறுபடியும் போனது. அடுத்து, “ஆல்டர்நேட்டர் ஓவர் சார்ஜ் பண்ணுது, அதான் ஃப்யூஸ் தாங்கல.” அதையும் மாற்றினார்கள். இரண்டு முறையும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை யாரும் கையில் எடுக்கவில்லை. ஆல்டர்நேட்டரைச் சோதிப்பது சில நிமிட வேலை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான பழைய கார்களில் 13.8-லிருந்து 14.4 வரை இருக்கும். அதைத் தாண்டி ரொம்ப ஏறினால்தான் ஓவர் சார்ஜ் என்ற பேச்சே. அப்படி ஏறினாலும் வண்டி முழுக்க பல்புகள் போகும், பேட்டரி தண்ணீர் சீக்கிரம் குறையும்.

மூன்றாவதாக வந்ததுதான் ‘முழு வயரிங்’. “பழைய வண்டிங்க, வயரெல்லாம் இத்துப் போச்சு, மொத்தமா மாத்தினாத்தான் தீரும்” என்றார் மேஸ்திரி. கழற்றிய வயரிங்கையும் ஆல்டர்நேட்டரையும் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார். கேட்டால் காட்டுவதற்குப் பழைய பாகம் இல்லை என்றால், மாற்றியதற்கான சாட்சியும் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வந்த பிறகு ஃப்யூஸ் போகவில்லை. அதற்குப் பதில் வேறு ஒன்று ஆரம்பித்தது. இரவு ஓட்டும்போது டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. உடனே வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் ஃப்யூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. கத்தி வடிவ ஃப்யூஸ்களில் நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருந்தது.

இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஃப்யூஸின் அளவை முடிவு செய்வது வயரின் பருமன். அந்த மெல்லிய வயர் சூடாகும் முன்பே அறுந்து காப்பாற்ற வேண்டியது ஃப்யூஸின் வேலை. தோல் உரிந்த வயர் பாடியில் அரைகுறையாக உரசி 15, 20 ஆம்பியர் இழுத்தால், 10 ஆம்பியர் ஃப்யூஸ் அறுந்துவிடும். 30 ஆம்பியர் ஃப்யூஸ் அசையாது. அப்போது உருகுவது வயர்தான். அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பக்கத்து வயர்களின் இன்சுலேஷனும் உருகும். எனக்கு அதுதான் நடந்திருந்தது. ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து கிளம்பும் கட்டில் சில வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

புது எலக்ட்ரீஷியன் ஷார்ட்டைத் தேடிய விதத்தை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் நேர்மையான வேலை எப்படி இருக்கும் என்பது அதில் தெரியும். கருகிய இடத்தை முதலில் சரிசெய்தார். அடுத்து அந்த சர்க்யூட்டின் பல்புகளை எல்லாம் கழற்றினார். ஃப்யூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வயர் வைத்து ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டினார். ஷார்ட் இருந்தால் இந்த பல்ப் பளிச்சென்று எரியும். அதன் வழியாக ஏறக்குறைய 4.5 ஆம்பியர்தான் போக முடியும் என்பதால் வயருக்கு ஆபத்தில்லை, ஃப்யூஸ்களையும் வீணடிக்க வேண்டாம். பார்க்கிங் லைட் சுவிட்சைப் போட்டதும் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தது. முன்பக்கக் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளக்கை, பிரித்தார், மாற்றமில்லை. பின்பக்கம் போகும் கப்ளரைப் பிரித்ததும் அணைந்தது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு, டிக்கி மூடியை மெதுவாக ஏற்றி இறக்கினார். பல்ப் விட்டு விட்டு எரிந்தது. கீலுக்குப் பக்கத்தில், மூடியோடு சேர்ந்து வளையும் ரப்பர் குழாய்க்குள், நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் வயரின் இன்சுலேஷன் விரிசல் விட்டுச் செம்பு வெளியே தெரிந்தது.

அதுதான் மொத்தப் பிரச்சினையும்! அந்த வளையும் பகுதிக்கு மட்டும் புது வயர் போட்டு, ஜாயின்ட்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடுபட்டால் சுருங்கும் குழாய் போட்டு, சிவப்பு ஃப்யூஸை வைத்தார். வளைகிற இடத்துக்கு வெளியே ஜாயின்ட் வரும்படி பார்த்துப் போட்டார்.

தரை விரிப்பைத் தூக்கியபோது ‘முழு வயரிங்’ என்ன என்பதும் தெரிந்தது. முன்னாலிருந்து டிக்கி வரை ஒரே ஒரு புது வயர். இரண்டு முனையும் பழைய வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தது. கீலுக்கு முன்பே பழைய வயரில் சேர்த்துவிட்டதால், ஷார்ட் இருந்த இடத்தில் கையே படவில்லை. ஷார்ட் அப்படியே இருந்ததால்தான் பச்சை ஃப்யூஸ் தேவைப்பட்டிருக்கிறது.

உங்கள் வண்டியிலும் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டியவை இப்படி வளைகிற, உரசுகிற இடங்கள்தான்: டிக்கி கீல், கதவுக் கீல் ரப்பர், எஞ்சின் பக்கத்துத் தகரத்தைத் துளைத்து வயர் உள்ளே வரும் இடம், சைலன்சர் குழாய்க்கு அருகே போகும் வயர்கள். பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, கூடுதல் ஹார்ன், ஃபாக் லேம்ப் ஆகியவற்றின் ஜாயின்ட்டுகளையும் விடாதீர்கள். எலி கடித்த தடமும் இருக்கலாம். பாகத்தை மாற்றுவதற்கு முன், எந்த சர்க்யூட், எந்த இடம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது ஃப்யூஸ் பாக்ஸ் மூடியில் இருக்கும் அட்டவணையோடு ஒவ்வொரு ஃப்யூஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பச்சை ஃப்யூஸையும் கருகிய வயர் துண்டையும் எடுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். “பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும்” என்றார் உரிமையாளர். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். படங்கள், பில், இரண்டாவது எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த குறிப்பு எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வந்தால் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.