கடல்நீர் கண்டென்சருக்கு எந்தக் குழாய்: அலுமினியப் பித்தளையா, குப்ரோநிக்கலா, டைட்டானியமா?

கடலோர மின் நிலையத்தில், டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கண்டென்சரின் குழாய் ஒழுகத் தொடங்கினால், அதை முதலில் காட்டிக்கொடுப்பது, அப்படி ஒடுங்கிய நீர் சேரும் அடித்தொட்டியான ஹாட்வெல்லில் நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் மானிதான். கண்டென்சரின் நீராவிப் பக்கம் ஏறக்குறைய வெற்றிடமாக இருக்கும். குழாய்க்குள் ஓடும் கடல்நீரோ பம்பு தரும் அழுத்தத்தில் இருக்கும். ஆகவே ஊசிமுனை அளவுக்குத் துளை விழுந்தாலும் உப்பு நீர் கொதிகலனுக்குப் போகும் தூய நீரில்தான் கலக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. உயர் அழுத்தக் கொதிகலன் நீரிலோ அதை மில்லிகிராம் கணக்கில் கூட அனுமதிப்பதில்லை.

நான் பணியாற்றிய நிலையத்தில் இத்தகைய இரவுகளில் கண்டென்சரின் ஒரு பாதியை மட்டும் தனிமைப்படுத்தி, நீரை வடித்துவிட்டு, குழாய்களுக்குள் கடல்நீர் நுழையும் அறையான வாட்டர் பாக்ஸுக்குள் இறங்குவோம். குழாய்களின் முனைகளைப் பிடித்திருக்கும் குழாய்த் தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்பினால், ஆயிரக்கணக்கான குழாய் வாய்களில் ஓட்டையான குழாயின் வாயில் மட்டும் தாள் குழிந்து உள்ளே இழுபடும். அந்தக் குழாயின் இரு முனைகளிலும் கூம்பு வடிவ அடைப்பானை அடித்துவிட்டு மேலே ஏறுவோம். இப்படி அடைத்த குழாய்களின் எண்ணிக்கை பத்து விழுக்காட்டை நெருங்கும்போதுதான், எல்லாக் குழாய்களையும் மாற்றுவதென்றால் எதைப் போடுவது என்ற கேள்வி கோப்பில் ஏறும்.

பழைய நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது அலுமினியப் பித்தளை. செம்பு 76, துத்தநாகம் 22, அலுமினியம் 2 விழுக்காடு என்ற கலவையில், துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறாமலிருக்கச் சிட்டிகை அளவு ஆர்சனிக்கும் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, வெப்பத்தை நன்றாகக் கடத்தும், செம்பின் நச்சுத்தன்மையால் கொட்டலசும் சிப்பியும் எளிதில் ஒட்டா. அதன் பலவீனம் வேகத்தில் இருக்கிறது. நீர் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டி ஓடினால் மேற்பரப்பின் காப்புப் படலம் உரிந்துபோகிறது. 1 மீட்டருக்குக் கீழே போனால் சேறு படிந்து அதன் அடியில் அரிப்பு தொடங்குகிறது. வெட்டியெடுத்த குழாயை நீளவாக்கில் பிளந்து பார்த்தால், நுழைவாயிலிலிருந்து முதல் ஒரு சாண் நீளத்துக்குக் குதிரை லாடம் பதிந்ததுபோன்ற குழிகள் தெரியும். நீரோட்டத்தை எதிர்த்து ஒரு குதிரை நடந்துபோன தடம் என்று பயிற்சிக் காலத்தில் மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தது இன்றும் மறக்கவில்லை. வாட்டர் பாக்ஸில் சுழன்று வரும் நீர் நேராக ஓடத் தொடங்கும் முன் குழாயின் வாயைக் குடைவதால் ஏற்படும் தடம் அது. நுழைவாயிலில் நைலான் செருகு குழல் பொருத்துவது பழைய மருந்து. ஆனால் குழல் முடியும் விளிம்பைச் சரிவாகச் சீவாவிட்டால் அரிப்பு அங்கிருந்து மீண்டும் தொடங்கும்.

வடிவமைப்பாளர் கணக்கிட்ட சராசரி வேகத்துக்குள் எல்லாம் சரியாக இருந்தாலும், குழாயில் ஒரு சிப்பி ஓடு சிக்கிக்கொண்டால் அதைச் சுற்றிய குறுகிய இடைவெளியில் வேகம் பல மடங்காகிவிடும். 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையம் கடலடியில் 468 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நீரை எடுக்கிறது. அந்தச் சுரங்கச் சுவரில் பச்சை ஆழிச் சிப்பிகள் குடியேறியதும், அவற்றைக் கட்டுப்படுத்தக் குளோரின் செலுத்தும் முறையை ஆண்டுக்கணக்கில் ஆராய வேண்டியிருந்ததும் நம் கரையில் இத்துறையினர் நன்கறிந்த செய்திகள். உள்ளெடுப்பு வடிகட்டியைப் பற்றிப் பேசாமல் குழாய் உலோகத்தை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

பித்தளையின் இன்னொரு எதிரி நீராவிப் பக்கத்திலிருந்து வருகிறது. கொதிகலன் நீரின் பி.எச். அளவை உயர்த்தச் சேர்க்கும் அம்மோனியா, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பகுதியில் ஆக்சிஜனுடன் சேர்ந்து செறிவடைந்து, குழாயில் தகைவு (உள் இறுக்கம்) எஞ்சியிருக்கும் இடத்தில் விரிசலை உண்டாக்குகிறது. அந்தப் பகுதிக்கு மட்டும் 70-30 குப்ரோநிக்கல் (செம்பு 70, நிக்கல் 30 விழுக்காடு) குழாய்களை வைப்பது பழைய வடிவமைப்பாளர்களின் நல்ல வழக்கம்; கொள்முதல் பிரிவு செலவைக் குறைக்க எல்லா இடத்துக்கும் ஒரே குழாயை வாங்கும்போது முதலில் காணாமல் போவதும் இந்த வழக்கம்தான்.

90-10 குப்ரோநிக்கல் இவற்றில் ஒரு படி மேல். சுமார் ஒன்றரை விழுக்காடு இரும்பு கலந்த இந்த உலோகம் விநாடிக்கு இரண்டரை மீட்டர் வரை தாங்கும், அம்மோனியா விரிசலையும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் இதைப் பற்றிய நற்பெயர் சற்று மிகையானது என்பது என் கருத்து. இதன் வலிமை முழுவதும் முதல் சில வாரங்களில் உருவாகும் படலத்தைச் சார்ந்தது. அந்த வாரங்களில் தூய கடல்நீர் ஓடினால் பல்லாண்டு நிற்கும். கட்டுமானம் முடிந்து சோதனை ஓட்டத்துக்காக நீரை நிரப்பிவிட்டு, ஏதோ காரணத்தால் மாதக்கணக்கில் அப்படியே தேங்கவிட்டால், அழுகும் உயிரினங்களிலிருந்து வரும் சல்பைடு அந்தப் படலத்தைப் பிறக்கும்போதே கெடுத்துவிடுகிறது. கழிவுநீர் கலக்கும் துறைமுக முகத்துவாரத்திலிருந்து நீரெடுக்கும் நிலையத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

316 துருவேறா எஃகை யாராவது முன்மொழிந்தால் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான கடல்நீரில் ஒரு கொட்டலசின் அடியில் அது குழி விழுந்துவிடும். ஆறு விழுக்காடு மாலிப்டினம் உள்ள உயர்வகை எஃகின் கதை வேறு. அதை டைட்டானியத்தின் விலையோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டைட்டானியத்தைக் கடல்நீர் கண்டென்சரின் வெப்பநிலையில் அரிப்பு அணுகுவதில்லை. சல்பைடோ அம்மோனியாவோ மணல் கலந்த வேகமான நீரோ அதை அசைப்பதில்லை. வெப்பத்தை மோசமாகக் கடத்தும் என்பது வழக்கமான எதிர்ப்பு. மீட்டர் கெல்வினுக்கு அலுமினியப் பித்தளை சுமார் 100 வாட் கடத்தினால் டைட்டானியம் 21 வாட்தான் கடத்துகிறது என்பது உண்மையே. ஆனால் பித்தளைக் குழாயின் சுவர் 1.24 மி.மீ., டைட்டானியத்தின் சுவர் 0.5 மி.மீ. கணக்கிட்டால் சுவரின் தடை ஏறக்குறைய இரு மடங்காகிறது. எனினும் நீர்ப் படலம், நீராவிப் படலம், அழுக்குப் படலம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடையில் இந்தக் கூடுதல் சுமார் மூன்று விழுக்காடே. மெல்லிய சளிப் படலம் ஒன்று ஒட்டினால் அதைவிட அதிகம் இழப்போம். செம்பைப்போல் நச்சுத்தன்மை இல்லாததால் டைட்டானியத்தில் அந்தச் சளி எளிதில் வளரும் என்பதால், ஸ்பாஞ்சுப் பந்துகளைக் குழாய்களுக்குள் சுழலவிட்டுத் துடைக்கும் அமைப்பை விருப்பத் துணைக்கருவியாகக் கருத முடியாது. டைட்டானியம் வாங்கி, பணம் மிச்சம் பிடிக்கப் பந்து அமைப்பை விட்டவர்களின் வெற்றிட அளவு ஆறே மாதத்தில் நழுவியதைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்த மெல்லிய சுவரிலேயே இருக்கிறது. ஓர் அங்குல விட்டமுள்ள குழாயில் சுவரை 1.24-இலிருந்து 0.5 மி.மீ.க்குக் குறைத்தால் வளைவுக்கு எதிரான விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும். பித்தளைக்கென ஒரு மீட்டரை ஒட்டிய இடைவெளியில் வைத்த தாங்கு தகடுகளுக்கு நடுவே டைட்டானியத்தைச் செருகினால், டர்பைனிலிருந்து பாய்ந்துவரும் நீராவியில் குழாய்கள் அதிர்ந்து, ஒன்றோடொன்று மோதி, நடுப்பகுதியில் தேய்ந்து கிழியும். புதிய கண்டென்சரில் தகடுகளை நெருக்கி வைத்து, நீராவி நேராக அடிக்கும் வெளி வரிசைகளுக்கு மட்டும் 0.7 மி.மீ. சுவர் கொடுத்தால் போதும். பழைய உடலில் அது முடியாது. வரிசைகளுக்கிடையே தடுப்புப் பட்டைகளைச் செருகி அதிர்வை அடக்க வேண்டும்.

உலோகத்தை மேம்படுத்திவிட்டு அதிர்வைக் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையத்தைக் காட்டலாம். அங்கே அணு உலையின் வெப்பத்தால் நீரை நீராவியாக்கும் பழைய நீராவியாக்கிகளில் இருந்த 600 என்ற நிக்கல் கலவைக் குழாய்களுக்குப் பதில், விரிசலை நன்கு தாங்கும் 690 கலவைக் குழாய்களோடு புதிய நீராவியாக்கிகளைப் பொருத்தினார்கள். உலோகத் தேர்வில் குறை சொல்ல முடியாது. ஆனால் வளைவுப் பகுதியில் குழாய்கள் வளைவின் தளத்திலேயே அதிர்ந்து தேய்ந்ததால், 2012 ஜனவரி 31 அன்று மூன்றாம் அலகில் கசிவு ஏற்பட்டது. 2013 ஜூனில் நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள்.

பழைய கண்டென்சரில் டைட்டானியத்தைப் போடுபவர்கள் மறக்கும் இன்னொன்று குழாய்த் தகடு. துத்தநாகம் மிகுந்த மன்ட்ஸ் பித்தளைத் தகட்டில் டைட்டானியக் குழாயைச் செருகினால், கடல்நீரில் இரண்டும் மின்கல இணையாகி, தகடு கரையத் தொடங்கும். அதைத் தடுக்கக் கத்தோடு காப்பு (சிறு மின்னோட்டம் செலுத்தி உலோகம் கரையாமல் தடுக்கும் முறை) கொடுப்பார்கள். அதையும் அளவு மீறிக் கொடுத்து மின்னழுத்தத்தைக் கேலமல் மின்வாய் என்ற ஒப்பீட்டு அளவுகோலோடு ஒப்பிட்டு மைனஸ் 0.75 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிட்டால், டைட்டானியம் ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மை பெறுகிறது.

ஆகவே புதிய நிலையத்துக்கு நான் தயங்காமல் டைட்டானியத்தையே சொல்வேன்: டைட்டானியம் பூசிய தகடு, பற்றவைத்த இணைப்பு, நெருக்கமான தாங்கு தகடுகள், பந்து அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்த தொகுப்பாக. நீர்ச் சுற்றில் வேறெங்கும் செம்பு இல்லையென்றால் பி.எச். அளவை 9.2-க்கு மேல் உயர்த்தி இரும்புக் குழாய்களின் தேய்மானத்தையும் குறைக்கலாம். விலைப் பட்டியலில் தெரியாத ஆதாயம் இது. பத்தாண்டே ஆயுள் மீதமுள்ள, தூய கடல்நீர் கிடைக்கும் பழைய நிலையத்துக்கு, காற்று வெளியேற்றும் பகுதியில் 70-30 குப்ரோநிக்கலும் மற்ற இடங்களில் அலுமினியப் பித்தளையும் போட்டு, நுழைவாயில் செருகு குழல்களையும் உள்ளெடுப்பு வடிகட்டியையும் புதுப்பித்தாலே போதும். மிச்சமாகும் பணத்தில் வாட்டர் பாக்ஸின் உரிந்துபோன ரப்பர் உறையை மாற்றிக்கொள்ளலாம். எப்படியும் அதைச் செய்தாக வேண்டும்.