பால்டர்ஸ் கேட் 3: அந்த ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை

பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமின் விலை ஸ்டீம் என்ற இணையக் கடையில் இறங்கியிருக்கிறது என்று பார்த்ததும் கூட்டாளி ஒருவன் கேட்டான், "வாங்கலாமா, லேப்டாப் தாங்குமா?" தாங்குமா என்பதற்குப் பதில் சுலபம். என்னுடையது இப்போதுதான் இங்கே மலேசியாவில், ஈப்போவில் ஒரு கடையில் காற்றாடி மாற்றி வந்திருக்கிறது, 16 ஜிபி ரேம் இருக்கிறது, எஸ்எஸ்டியில் 150 ஜிபி காலி செய்து கொடுத்தால் நன்றாகவே ஓடுகிறது. வாங்கலாமா என்பதுதான் சிக்கல். கதை, குரல் நடிப்பு, படம் எல்லாம் ஊருக்கே தெரியும், 2023இல் வெளிவந்த வருடமே தி கேம் அவார்ட்ஸில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று விருது வாங்கியது, அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இருக்கும் சண்டை பகடையோடு.

சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. மேசை, காகிதம், இருபது முகப் பகடை, ஒரு ஃபிளாஸ்க் தேநீர், முழுக்கத் தமிழில்தான் பேச்சு. பால்டர்ஸ் கேட் 3 அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1998இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் பகடை எல்லாம் உள்ளுக்குள்ளேயே உருண்டு முடிந்துவிடும், நமக்கு எழுத்தில் ஒரு வரி தெரிந்தால் உண்டு. இதில் பகடை திரையின் நடுவில் வருகிறது, நாமே அமுக்கி உருட்ட வேண்டும், விழுந்த எண்ணோடு நம் திறமைக்கான போனஸ் ஒவ்வொன்றாக வந்து சேரும். முதல் முறை பார்த்தபோது கையில் பகடையைக் குலுக்குகிற அதே படபடப்பு இருந்தது. அந்த ஒரு காட்சிக்காகவே இதைச் செய்தவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

ஆனால் ஒன்று விழுந்தால் தோல்வி. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தோல்வி. நான் ஆடும் திருடன் பாத்திரத்துக்குப் பூட்டு திறப்பதில் போனஸ் ஒன்பது, பெட்டிக்குத் தேவை பத்து. ஒன்று விழுந்தாலும் கூட்டினால் பத்து வருகிறது, கணக்குப்படி பெட்டி திறக்க வேண்டும். திறக்காது, கருவி ஒன்று வீணாகும். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப் புத்தகத்தில் ஒன்றுக்கும் இருபதுக்கும் இப்படித் தனி மதிப்பு தாக்கும் வீச்சிலும், சாகக் கிடக்கும்போது போடும் வீச்சிலும் மட்டும்தான், பூட்டு திறக்கவோ ஆளைப் பேசி மசிய வைக்கவோ கிடையாது. வீடியோ கேமில் எல்லாத் திறமைக்கும் நீட்டிவிட்டார்கள். இருபதில் ஒரு தடவை, அதாவது ஐந்து விழுக்காடு, நாம் வளர்த்த ஆள் நேற்றுப் பிறந்தவன் போல நிற்கிறான். அந்த எரிச்சலில் நான் இப்போது ஹாஃப்லிங் இல்லாமல் ஆடுவதே இல்லை, அந்தக் குள்ள இனத்துக்கு ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டும் வரம் உண்டு.

மோட் போட்டுவிடேன், அதாவது ஆட்டத்தின் விதியை மாற்றும் துணை நிரலைச் சேர்த்துவிடேன் என்பார்கள். போடலாம், 2024 செப்டம்பரில் ஏழாவது பேட்ச் என்ற புதுப்பிப்பு வந்ததிலிருந்து மோட் வசதி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. என் மனக்குறை அது இல்லை. எங்கள் மேசையில் ஆட்டத்தை நடத்தும் அண்ணன் இப்படிப்பட்ட பெட்டிக்குப் பகடையையே கேட்க மாட்டார். "விடுடா, அதைத் திறக்க உனக்குத் தெரியாதா, திறந்துட்டே, உள்ளே என்ன இருக்குன்னு கேளு" என்று போய்க்கொண்டே இருப்பார். எப்போது உருட்டச் சொல்வது, எப்போது வேண்டாம் என்பது அவர் எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வது. திரைக்கு வந்தபோது பகடை வந்துவிட்டது, அந்த அண்ணன் வரவில்லை. அதிலும் தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒன்று என்பது காத்துக் கிடக்கிற எண், தாயம் விழுந்தால்தான் காய் உள்ளேயே இறங்கும். அந்த எண்ணுக்கு இந்த அவமானமா?

அப்புறம் விசைப்பலகையில் இருக்கும் எஃப்8. தோற்றால் அதை அமுக்கிப் பழைய சேவுக்கு, அதாவது முன்பு பதிவு செய்து வைத்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். மேசையில் விழுந்தது விழுந்ததுதான், ஐந்து பேர் பார்த்திருக்கிறோம், அதை வைத்துத்தான் அடுத்த கதை பிறக்கும். இந்த ஆட்டத்தில் தோற்ற பிறகும் கதை அழகாக வேறு பக்கம் திரும்புகிறது, அதற்காக எழுதியவர்கள் எவ்வளவு உழைத்திருப்பார்கள், அதைப் பார்க்காமலே பாதிப் பேர் எஃப்8 அமுக்கிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். 2023 நவம்பர் கடைசியில் ஐந்தாவது பேட்சோடு வந்த ஹானர் மோட் என்ற கடினமான ஆட்ட முறையில் ஒரே ஒரு சேவ்தான், நினைத்தபோது பின்னால் போக முடியாது. இரண்டாவது தடவை ஆடுபவர்கள் அதில்தான் ஆட வேண்டும்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் திரையை இரண்டாகப் பிரித்து ஆடுவது. லேப்டாப்பை டிவியில் மாட்டி, இரண்டு கண்ட்ரோலர் வைத்து, தங்கச்சியோடு ஆடுகிறேன். நான் கடைக்காரனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் போய் அவன் பையிலேயே கை வைக்கிறாள், அவளுக்கு ஒன்று விழுந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறோம். அந்த நேரத்தில் எனக்குக் கோபமே வருவதில்லை, ஏனென்று இன்னும் பிடிபடவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து "யாருடா அடிச்சிக்கிறது" என்று கேட்கிற அளவுக்குச் சத்தம்.

சரி, வாங்கலாமா? தனியாக ஆடத்தான் என்றால் இன்றைக்கு என் வாயிலிருந்து வேண்டாம் என்றுதான் வரும், நேற்று ராத்திரி ஒரு பாலத்தில் காவலாளியிடம் பேசும்போது ஹாஃப்லிங் வரத்தில் மறுபடி உருட்டியும் ஒன்றே விழுந்தது, இன்னும் ஆறவில்லை. கூட ஆட வீட்டில் ஆள் இருந்தால் முழு விலைக்கே வாங்கலாம். கண்ட்ரோலர் இரண்டு எடுத்துக்கொள், டவுன்லோடைப் படுக்கப் போகும்போது போட்டுவிடு, இங்கே லைன் இருக்கிற லட்சணத்துக்குப் பகலில் முடியாது.